டாக்டர் சிவசைலத்தின் கை

தன்னுடைய வலது கை பதினான்காயிரம் கைகளைத் தோற்கடித்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, டாக்டர் சிவசைலத்தின் வலது கை ரவா கேசரிக்குள் இருந்தது. மருத்துவமனை உணவகத்தில் உட்கார்ந்து, இடது கையால் போனைப் பிடித்து, கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

மாநில இணையவழி மருத்துவப் பாடசாலை அனுப்பியிருந்தது. ‘தளிர்மூட்டு’ என்னும் பாடத்தைப் படித்து முடித்த மருத்துவர்களின் கைகளில், அவருடைய கை ‘முதற்கை’யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இனி அந்தப் பாடத்தைப் படிக்கிற எல்லோரும் அவர் கையைப் பின்பற்றியே படிப்பார்கள். வெள்ளிக்கிழமை அவருடைய மருத்துவமனையிலேயே விழா. மேடையில் அவர் ஒரு குழந்தையைப் பரிசோதிக்க, நாற்பது ஊர்களில் ஆயிரத்து நானூறு மருத்துவர்கள் அதை நேரலையில் உணர்வார்கள்.

‘காண்பார்கள்’ என்பதற்குப் பதில் தவறாக அடித்துவிட்டார்கள் என்று டாக்டர் நினைத்தார். மற்றபடி கடிதத்தில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. செங்குளத்தூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஊரில் அவரைக் கைராசிக்கார டாக்டர் என்று சொல்வார்கள். அந்தக் கையை ஒருநாள் அரசாங்கமும் கவனிக்கத்தான் வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். தளிர்மூட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

அவர் அறைச் சுவரில் இணையவழிப் படிப்புகளுக்கான முப்பத்தொரு சான்றிதழ்கள் தொங்கின. முப்பத்தொன்றில் ஒன்றையும் அவர் படித்ததில்லை. இதில் ஒளிவுமறைவு கிடையாது. வருடத்துக்கு இத்தனை புள்ளி எடுக்காவிட்டால் மருத்துவர் பதிவு புதுப்பிக்கப்படாது என்று சட்டம் வந்த நாள் முதல், அந்த மருத்துவமனையில் டாக்டர்கள் லாகினையும் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். நோயாளிகளைப் பார்ப்பதா, படிப்பதா? ‘மருத்துவ அறம்’ என்ற பாடத்தை ஏழு டாக்டர்களுக்காகத் தனி ஒருவராக முடித்துக் கொடுத்தவர் மருந்தகத்தில் இருக்கிற மார்ட்டின். டாக்டர் சிவசைலத்தின் சீட்டு எப்போதும் சிஸ்டர் ஜெபக்கனியிடம் போகும்.

ஜெபக்கனி தடுப்பூசி அறையில் ஐஸ் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, பேச்சு குறைவு.

“சிஸ்டர், தளிர்மூட்டுன்னு ஒரு பாடம்...”

“முடிச்சுட்டேன் சார். போன ஆடில தொடங்குனது. சான்றிதழ் ஒங்க மேசை ரெண்டாவது டிராயர்ல இருக்கு.”

“அதுல என் கை ஜெயிச்சிருக்காம்.”

ஜெபக்கனி ஐஸ் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

“சந்தோசம் சார்,” என்றாள். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறு வருடமாகவே அவரால் அது முடிந்ததில்லை.

“வெள்ளிக்கிழமை நான் மேடையில பண்ணிக் காட்டணும். அந்தப் பாடத்துல என்னதான் பண்ணுவாங்க?”

“தொடச் சொல்லுவாங்க சார்.”

“தொட்டு?”

“தொடத்தான் சார். அறுபத்துநாலு மணி நேரம்.”

“சரி, சுருக்கமா ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துருங்க.”

“எழுத வராது சார். கையுறையப் போட்டாத்தான் தெரியும்.”

அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய கையுறை ஒரு ஜோடி. மாணவர் விவரப் படிவத்தில் டாக்டர் கொடுத்திருந்த அளவுப்படி எட்டாம் நம்பர். விரல்களின் அடியில் ரப்பர் பேண்டு சுற்றிய தடம் வளையம் வளையமாகப் பதிந்திருந்தது.

“எனக்கு நுனியெல்லாம் லொடலொடன்னு கெடந்துச்சு சார். அதான் கட்டிக்கிட்டேன்.”

டாக்டர் போட்டுக்கொண்டார். கச்சிதமாகப் பொருந்தியது. காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டு, வெறும் மேசைக்கு முன்னால் அவரை உட்கார வைத்தாள்.

“கண்ண மூடிக்கோங்க சார். மூடுனாத்தான் நல்லாத் தெரியும்.”

மூடினார். கையை மேசைமேல் இறக்கினார். மேசைக்கு நாலு விரற்கடை மேலே அவர் கை ஒரு குழந்தையின் காலில் முட்டியது.

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மேசை வெறுமையாக இருந்தது. மறுபடி மூடினார். கால் அங்கேயே இருந்தது. தோலின் ஈரம், பூனைமுடி, கணுக்காலுக்கு மேலே காலுறை அழுத்திய தடம்கூட இருந்தது. முப்பது வருடம் குழந்தை மருத்துவம் பார்த்தவர் என்ற முறையில் அவர் அடுத்து செய்தது, முழங்காலை ஒரே பிடியாகப் பிடித்ததுதான். கால் வெடுக்கென்று விலகியது.

காதில் ஒரு பெண்குரல், சாந்தமாக, அச்சுத் தமிழில் சொன்னது: “குழந்தை காலை இழுத்துக்கொண்டது. டாக்டர் சிவசைலம் இப்படிச் செய்யமாட்டார்.”

டாக்டர் சிவசைலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெபக்கனி பெட்டிகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள்.

“இப்போது உங்கள் கைக்குள் முதற்கை வரும்,” என்றது குரல். “அது செல்கிற வழியில் செல்லுங்கள். அவசரம் வேண்டாம்.”

வந்தது. மேலே படியவில்லை; கையுறைக்குள்ளிருந்து, அவருடைய விரல்களுக்கும் எலும்புகளுக்கும் நடுவிலிருந்து வருவதைப்போல வந்தது. அவர் கையைவிடச் சிறிய கை. சோப்பும் தண்ணீரும் பட்டுப்பட்டுச் சொரசொரத்த விரல் நுனிகள். அது முழங்கால் பக்கமே போகவில்லை. குழந்தையின் கால் கட்டைவிரலைத் தேடிப்போய், ஆள்காட்டி விரலால் டொக், டொக் என்று இரண்டு தட்டு தட்டியது. பிறகு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தது.

டாக்டருக்குக் காத்திருந்து பழக்கமில்லை. ஆனால் கை அவரைப் பிடித்து வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கால், தானாக, மெல்ல நீண்டு அவர் உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்தது.

பிறகு அந்தக் கை திரும்பி, புறங்கையால், கீழ்க்காலைத் தொட்டது. குளிர்ச்சி. முழங்காலைத் தொட்டது. தொடையைத் தொட்டது. அடுத்த காலுக்குப் போய் அதே மூன்று இடம். நடுவிலிருப்பது மேலும் கீழும் இருப்பதைவிடச் சூடாக இருக்கக் கூடாது. கை அதை வார்த்தையில்லாமல் கேட்டுக்கொண்டே போனது. முழங்கால் சில்லின்மேல் வந்து நின்றது. நாலு வயதில் அந்தச் சில்லு இன்னும் முழு எலும்பு ஆகியிருக்காது. குருத்தாக இருந்து, எலும்பாகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இதை அவர் கல்லூரியில் படித்திருக்கிறார், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார். விரலுக்கடியில் அது வழுக்கி நகர்ந்தது, தண்ணீருக்குள் கூழாங்கல் நகர்வதைப்போல. ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய கோயிலுக்குள் தவறி நுழைந்துவிட்டவரைப்போல டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

பாடம் முடிந்து கண்ணைத் திறந்தபோது அறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. அந்த இரண்டு தட்டை அவருக்குத் தெரியும். தினமும் பார்க்கிறார். ஊசி போடுவதற்கு முன்னால் ஜெபக்கனி ஒவ்வொரு குழந்தையின் கட்டைவிரலையும் அப்படித் தட்டுவாள். ‘வரிசை நிக்குது சிஸ்டர், விளையாட்டு வேண்டாம்’ என்று அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

“இது உங்க கை,” என்றார்.

“பேரு ஒங்களுது சார்,” என்றாள் ஜெபக்கனி.

அவள் இன்னொரு பொருளையும் எடுத்து வைத்திருந்தாள். முழங்காலில் கட்டுகிற அகலமான பட்டை.

“பன்னெண்டாம் பாடம் சார். இதையும் ஒருக்கா பாத்துருங்க. அஞ்சு நிமிசந்தான்.”

கட்டிக்கொண்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முழங்கால் கனத்தது. உள்ளே யாரோ சாந்து குழைத்து ஊற்றி இறுகவிட்டதைப்போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் நீளவில்லை. தொடையில் ஒரு கையை ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, நுனிக்கால் மட்டும் தரையில் பட, மடங்கிய முழங்காலோடு நின்றார். வாயிலிருந்து வந்த சத்தத்தைப் பாதியில் விழுங்கினார்.

“இது யாரோட முட்டி?”

“ஒரு பிள்ளையோடது இல்ல சார். ஆயிரக்கணக்கான பிள்ளைக நடந்தத, ஒக்காந்தத, சொன்னத எல்லாம் வச்சுச் சேத்தது.”

“எவ்வளவு நேரம் இப்படி இருக்கும்?”

“ஒங்களுக்கு அஞ்சு நிமிசம். அதுகளுக்குக் காலைல எந்திரிச்சதுலருந்து பத்து, பதினோரு மணி வரைக்கும்.”

பட்டையை அவிழ்த்த பிறகும் டாக்டர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். ஜெபக்கனி அந்த நேரத்துக்காகத்தான் பொறுத்திருந்தாள்போல.

“சார், இசக்கிமீனா.”

“யாரு?”

“சோலார் வயல்ல தகடு தொடைக்கிற பேச்சித்தாய் மக. நாலு வயசு. காலைல நொண்டுதுன்னு மூணு தடவ கூட்டியாந்தா.”

கணினியில் அந்தப் பெயரைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். மூன்று வரிகள், மூன்றும் அவருடையவை. முதல் வருகை: ‘வளர்ச்சி வலி. சத்து டானிக்.’ இரண்டாவது: ‘வளர்ச்சி வலி. பள்ளி செல்ல விருப்பமின்றி நடிப்பு.’ மூன்றாவது: ‘மேற்படி.’

“வளர்ச்சி வலின்னா ராத்திரி வரும் சார். ரெண்டு கால்லயும் வரும். விடிஞ்சா ஓடிரும், நொண்ட வைக்காது. இது நாலாம் பாடம். முட்டி சூடா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். வெயில்ல வந்திருக்கான்னு சொன்னீங்க. வெளிய ஐப்பசி மழ கொட்டுச்சு.”

டாக்டர் அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தார்.

“முட்டிய விடுங்க சார், மூட்டு வாதந்தான், அது வைத்தியத்துல சரியாயிரும். பத்தொம்பதாம் பாடத்துல கண்ணச் சொல்லுதாங்க. இந்த மாதிரி சின்னப் பொம்பளப் பிள்ளைகளுக்கு முட்டியோட சேந்து கண்ணுக்குள்ளயும் வரும். செவக்காது, வலிக்காது. பிள்ளைக்கே தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். கண் டாக்டரம்மா அந்த வெளக்கு வச்ச கருவியில பாத்தாத்தான் உண்டு. மூணு மாசம் ஆச்சு சார்.”

அவர் செய்யவேண்டியது எளிது. மூன்று வரிகளையும் அடித்துவிட்டு நாலாவதாக ஒரு வரி எழுத வேண்டும். ஆனால் துறைத்தலைவர் தன் வரியைத் தானே அடித்தால், ஏன் என்று ஒரு விளக்கமும் எழுத வேண்டும், அது கண்காணிப்பாளர் மேசைக்குப் போகும், வெள்ளிக்கிழமை விழா.

“விழா முடியட்டும் சிஸ்டர். திங்கக்கிழமை முதல் வேலையா பாத்துருவோம்.”

ஜெபக்கனி போனை எடுத்து பேச்சித்தாயை அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். அது தற்செயல் இல்லை.

“பேச்சி, பிள்ளையக் கூட்டிட்டு வா. இன்னொருக்கா பாக்கணும்.”

“அந்த டாக்டரய்யா இருக்காவளா?”

“இருக்காவ.”

“அப்ப வரலக்கா. நடிக்கான்னு சீட்டுல எழுதிட்டாவல்லா. காலைல எந்திரிக்க முடியாம கெடக்கா, இவ அப்பா அதட்டுதாரு, டாக்டரே நடிப்புன்னு எழுதியிருக்காரு, எந்திருளான்னு. பிள்ள இப்ப அழுகதுகூட இல்ல. அழுதா நடிப்புன்னு சொல்லுவாங்கன்னு வாயப் பொத்திக்கிடுதா. எனக்கு ஒங்க ஆசுவத்திரி வேண்டாம்.”

தான் எழுதிய சீட்டை ஒருவன் காலை ஏழு மணிக்குத் தன் மகளுக்குப் படித்துக் காட்டுவான் என்று டாக்டர் நினைத்ததில்லை. ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினாள்.

“வெள்ளிக்கிழமை விழாவுக்கு ஆள் ஏத்த ஊருக்கு ஊரு வேன் வருது. சாப்பாடு உண்டு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி வந்துரு. கண் டாக்டரம்மாகிட்ட மட்டும் காட்டுவோம்.”

“அந்த ஐயா?”

ஜெபக்கனி டாக்டரைப் பார்த்தாள்.

“அவரு மேடையில இருப்பாரு. எறங்க மாட்டாரு.”

*

விழாவுக்குப் பன்னிரண்டடி உயரத்தில் ஒரு கை வரைந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஓவியர் சொந்தக் கற்பனையில் இரண்டு மோதிரம் சேர்த்திருந்தார். சென்னையிலிருந்து பாடசாலையின் இயக்குநர் வந்தார். கூடவே கையுறைகளையும் கருவிகளையும் பார்த்துக்கொள்ள நஸ்ரின் என்ற இளம் பொறியாளர். அந்தப் பெண் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, தேவைக்கு ஒரு நொடி அதிகமாக அந்தக் கையைப் பார்த்தாள்.

மேடைக்கான குழந்தையைக் கண்காணிப்பாளரே ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய பேரன். ஜலதோஷம்கூட வந்தறியாதவன். பவுடர் அப்பி, கழுத்தில் ‘போ’ டை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். நோயுள்ள குழந்தை என்றால் படத்தில் நன்றாக வராது என்பது இயக்குநரின் கருத்து.

“இது தனி மனிதர் ஒருவரின் கை அல்ல,” என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். அது எவ்வளவு உண்மை என்று டாக்டருக்குத் தெரியும். “இது இந்த மண்ணின் கை.”

சுவர் முழுக்க நாற்பது கட்டங்களில் நாற்பது ஊர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசையாகச் சாம்பல் நிறக் கைகள், வெறும் மேசைகள்மேல் தயாராக. டாக்டர் சிவசைலம் மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரம் தவிர எல்லா நேரமும் பயிற்சி செய்திருந்தார். பையனின் கட்டைவிரலை இரண்டு தட்டு தட்டினார். காத்திருந்தார். ஆயிரத்து நானூறு கைகளும் தட்டின, காத்திருந்தன. கீழ்க்கால், முழங்கால், தொடை. பையன் சிரித்தான். கூட்டம் கைதட்டியது.

காதில் குரல் சொன்னது: “முதற்கையுடன் ஒற்றுமை எழுபத்தொரு சதவீதம். நல்ல முயற்சி. டாக்டர் சிவசைலத்தின் கை இன்னும் சற்று மெதுவாகச் செல்லும்.”

அவ்வளவுதான், முடிந்தது. எழுபத்தொன்று என்பது அவர் காதுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. இயக்குநர் சால்வையைப் பிரித்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதற்காகத் தலையைக் குனிந்தபோது, மூன்றாவது வரிசையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சிறுமி அதை வாங்குவதற்காக நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

தொடையில் ஒரு கையை ஊன்றினாள். உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். சறுக்கி இறங்கி, நுனிக்கால் மட்டும் தரையில் பட, மடங்கிய முழங்காலோடு நின்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

முகத்தைப் பார்த்திருந்தால் டாக்டருக்கு அவளை அடையாளம் தெரிந்திருக்காது. மூன்று வருகையிலும் அவர் பார்த்தது கணினியைத்தான். அந்த எழுந்திருத்தலை அடையாளம் தெரிந்தது. அவர் உடம்பு அதை அறியும். அவருடைய சொந்த முழங்கால் வேட்டிக்குள் ஒரு கணம் இறுகியது.

சால்வை காற்றில் நின்றது. டாக்டர் மேடையிலிருந்து இறங்கினார்.

பேச்சித்தாய் மகளைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஜெபக்கனியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “எறங்க மாட்டாருன்னியேக்கா.”

“நானும் அப்படித்தாம்ளா நெனச்சேன்,” என்றாள் ஜெபக்கனி.

டாக்டர் தரையில் மண்டியிட்டார். கையுறை இன்னும் கையில் இருந்தது. ஆயிரத்து நானூறு கைகளும் அவரோடு கூடவே இறங்கி வந்திருந்தன. சேலை மடிப்புக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அதன் கட்டைவிரலை இரண்டு தட்டு தட்டினார்.

பாதம் உள்ளே போய்விட்டது.

காத்திருந்தார். மேடையில் இயக்குநர் இருமினார். யாரோ ஒலிபெருக்கியில் ‘நிகழ்ச்சி நிரல்’ என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். சுவரில் நாற்பது ஊர்களிலும், அணிவகுத்த சாம்பல் நிறக் கைகள் அனைத்தும், ஒரு நாலு வயதுப் பெண் தன் காலைக் கொடுப்பாளா என்று அந்தரத்தில் நின்றன. மண்டபத்தில் பொட்டலம் பிரிக்கிற சத்தம் ஓய்ந்தது. கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால் கூட்டம் அப்படி நிற்கும்.

பாதம் வெளியே வந்தது. பெருவிரல், பிறகு குதிகால், பிறகு அவர் உள்ளங்கைக்குள் முழுப் பாரமும்.

புறங்கையால் தொட்டார். கீழ்க்கால் குளிர்ச்சி. முழங்கால், அப்போதுதான் அணைத்த விளக்கின் கண்ணாடி. தொடை குளிர்ச்சி. அடுத்த முழங்கால் குளிர்ச்சி. சில்லின் ஒரு பக்கம் மெல்ல அழுத்தியபோது மறுபக்கம் நீர் எழும்பி வந்து விரலில் மோதியது. சுவரிலிருந்த கட்டங்களில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. ஆயிரத்து நானூறு பேரும் உணர்ந்துவிட்டார்கள். கடிதத்தில் சொல் தவறாக அடிக்கப்படவில்லை.

டாக்டருடைய சட்டையில் ஒலிவாங்கி இருந்தது.

“இந்தப் பிள்ளைய நான் மூணு தடவ பாத்திருக்கேன்,” என்றார். “மூணு தடவையும் வளர்ச்சி வலின்னு எழுதினேன். நடிக்கிறான்னு எழுதினேன். ஒரு தடவகூடத் தொடல.”

பேச்சித்தாயை நிமிர்ந்து பார்த்தார். “நடிப்பு இல்லம்மா. டாக்டரே சொன்னாருன்னு அவ அப்பாகிட்ட சொல்லுங்க. வேணும்னா எழுதித் தரேன்.”

“எழுத வேண்டாம்யா,” என்றாள் பேச்சித்தாய். “எழுதுனதே போதும். வாயால சொல்லுங்க, அவரப் போனுல கூப்பிட்டுத் தாறேன்.”

டாக்டர் கையுறைகளைக் கழற்றி ஜெபக்கனியிடம் நீட்டினார். “இது என் கை இல்ல சிஸ்டர். நீங்க பாருங்க.”

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ரப்பர் பேண்டுகளை எடுத்து ஒவ்வொரு விரலாகக் கட்டினாள். பிறகு குனிந்தாள். அவள் தொட்டதும், நாற்பது ஊர்களிலும் தோள்கள் தளர்ந்தன. பாடத்தில் தங்களைக் கூட்டிக்கொண்டு போன கை திரும்பி வந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. டாக்டர் காதில் குரல் மாறாத சாந்தத்தோடு சொன்னது: “ஒற்றுமை தொண்ணூற்றொன்பது சதவீதம். பாராட்டுகள், டாக்டர் சிவசைலம்.”

*

கண் மருத்துவர் அன்று மத்தியானமே பார்த்தார். டாக்டரையும் கருவியில் கண்ணை வைக்கச் சொன்னார். இசக்கிமீனாவின் வலது கண்ணுக்குள், மெல்லிய ஒளிக்கற்றையில், தூசு மிதந்துகொண்டிருந்தது. ஓட்டைக் கூரை வழியே வருகிற வெயிலில் மிதக்குமே, அப்படி. அழகாக இருந்தது. அதுதான் அவளைக் குருடாக்க வந்தது.

“ஆரம்பம்தான் சார், சொட்டு மருந்துல நிக்கும்,” என்றார் கண் மருத்துவர். “தை மாசமே வந்துட்டா. ஆனி மாசம் வந்திருந்தா நான் வேற பேச்சு பேசியிருப்பேன்.”

கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த நஸ்ரினிடம் டாக்டர் போய் நின்றார். பாடத்தைப் படித்தது தன் கை அல்ல என்பதை எழுத்தில் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை.

“எங்களுக்குத் தெரியும் சார். உங்களுக்கு அனுப்பினது எட்டாம் நம்பர். அதுக்குள்ள இருந்தது ஆறரை. அளவு கையுறைக்குத் தெரியாம இருக்குமா?”

“தெரிஞ்சுமா?”

“பதினாலாயிரம் டாக்டர் பேர் இருக்கு சார். அதுல அந்தந்த டாக்டரோட கைன்னு தேடினா தொள்ளாயிரம் தேறுது. மிச்சமெல்லாம் யாரு யாரோ. நர்ஸ், பார்மசிஸ்ட், ஒரு ஊர்ல டாக்டரோட சம்சாரம். ஒரே கை பதினேழு டாக்டர் பேர்ல வருது. அது பிரமாதமான கை, தெரியுமா? ரெண்டாவது பரிசு.”

“அப்ப அவங்க பேரையே போடலாமே.”

“போடலாம் சார். படிவத்துல டாக்டர் பதிவு எண் கேக்குது. அது இல்லாம பேர் ஏறாது. இயக்குநர்கிட்ட சொன்னேன், படிவத்தை மாத்த குழு அமைக்கலாம்னாரு. குழுவுல யாரைப் போடறதுன்னு இன்னொரு குழு பேசிட்டிருக்கு.”

டாக்டர் கடிதம் எழுதினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. விழாவில் அவர் காட்டிய பணிவை, முன்பே திட்டமிட்ட நிகழ்ச்சியாகப் பாடசாலை பத்திரிகைகளுக்குத் தெரிவித்திருப்பதாகவும், அதை முன்வைத்து ‘தவறை ஒப்புக்கொள்ளுதல்’ என்ற கட்டாயப் பாடம் தொடங்கியிருப்பதாகவும், அதற்கு நாலு புள்ளி என்றும் அதில் இருந்தது. செங்குளத்தூரில் அந்தப் பாடத்தை ஒன்பது டாக்டர்கள் முதல் வாரத்திலேயே முடித்தார்கள். மார்ட்டினுக்கு இரண்டு இரவுதான் பிடித்தது.

டாக்டர் சிவசைலம் தளிர்மூட்டில் சேர்ந்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் தேறியிருப்பதாகக் குரல் சொல்லி, அவரை ‘பயிற்சியாளர்’ என்றே வைத்துக்கொண்டது. தினமும் மூன்று மணிக்குத் தடுப்பூசி அறையில் உட்காருவார். எழுபத்தொன்பது வரை வந்தது. ஒருநாள் எண்பத்துநாலு. அதற்கு மேல் ஏறவில்லை.

“அந்த ரெண்டு தட்டு,” என்று ஒருநாள் ஜெபக்கனியிடம் கேட்டார். “அது எங்க கத்துக்கிட்டீங்க? உங்க நர்சிங் பள்ளியிலயா?”

“அது என்னுது இல்ல சார். பாடத்துல வார பிள்ளயோடது. முத நாளு எப்படித் தொட்டாலும் கால இழுத்துக்கிடுச்சு. மூணு மணி நேரம் குடுக்கவே இல்ல. சரி, கதவத் தட்டுத மாதிரி தட்டிப் பாப்பமேன்னு தட்டுனேன். ஒரு தட்டுக்கு வரல. மூணு தட்டுனா ஓடிருச்சு. ரெண்டுக்குத்தான் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் ஊசி போடுத பிள்ளைகளுக்கும் தட்டுதேன்.”

“அந்தப் பிள்ளையத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளச் சேத்துச் செஞ்சதுன்னீங்களே.”

“ஆமா சார். அதுல எவளோ ஒருத்தி ரெண்டு தட்டு கேட்டிருக்கா.”

டாக்டர் கையுறை விரலால் வெறும் மேசையை இரண்டு தட்டு தட்டினார். எந்த ஊரோ, எந்த வருடமோ, யாரோ ஒரு குழந்தை தன் காலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஜெபக்கனிக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஜெபக்கனி நாற்பது ஊருக்கு.

ஆனி மாதம் இசக்கிமீனா ஏழாவது தடவையாக வந்தாள். முழங்காலுக்குள் ஊசி போட்டு, வாரம் ஒரு மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்திருந்தது. கண்ணில் தூசு இல்லை. வரிசையில் நிற்காமல், பேச்சித்தாய் கத்தக் கத்த, வராந்தா முழுக்க ஓடி, பன்னிரண்டடிக் கையை இன்னும் சாய்த்து வைத்திருந்த மூலைவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அவசரத்தில் நேராக முழங்காலுக்குக் கையைக் கொண்டுபோனார்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். வலியில் இல்லை. அவரை முறைத்தாள்.

டாக்டர் சிவசைலம் கையை எடுத்தார். அவள் கட்டைவிரலை ஒருதரம் தட்டி, இன்னொருதரம் தட்டிவிட்டுக் காத்திருந்தார். அவள் யோசித்தாள். வேண்டுமென்றே வெகுநேரம் யோசித்தாள். பிறகு, போனால் போகிறது என்பதைப்போல, காலை அவர் கையில் வைத்தாள்.

எத்தனை சதவீதம் என்று சொல்ல அங்கே குரல் எதுவும் இல்லை.